கண்ணாடிப் பெட்டிக்குள் ஆறு பறவைகள்

எங்கள் வீட்டு முன்விறாந்தையில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. மூன்றடி நீளம், இரண்டடி உயரம், கறுத்த மரச்சட்டம். உள்ளே ஒரு காய்ந்த மரக்கிளை. அந்தக் கிளையில் ஆறு பறவைகள் உட்கார்ந்திருக்கின்றன. உட்கார்ந்திருக்கின்றன என்று சொல்வது ஒரு பழக்கதோஷம். உண்மையில் அவை கம்பியால் நிறுத்தப்பட்டவை. பஞ்சும் வைக்கோலும் அடைத்த தோல், அதன்மேல் இறகு, கண் இருந்த இடத்தில் கண்ணாடி மணி. அவ்வளவுதான்.

இது எங்கள் வீட்டுக்கு வந்தது நான் பிறப்பதற்கு முன்னர். 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாக்கப்பட்டபோது துரைமார் பலர் பெட்டி படுக்கையோடு புறப்பட்டுப் போனார்கள். ஹட்டன் பக்கத்துப் பங்களா ஒன்றின் சாமான்கள் ஏலத்தில் போயின. சில்லறைக் கடை வைத்திருந்த வாப்பா கடைக்கென்று ஒரு மேசையும் நான்கு கதிரைகளும் எடுத்தாராம். யாரும் கேட்காத இந்தப் பறவைப் பெட்டியை ஏலக்காரர் சும்மாவே மேசைமேல் தூக்கி வைத்துவிட்டாராம்.

உம்மாவுக்கு ஆரம்பம் முதலே இது பிடிக்கவில்லை. உருவம் உள்ள இடத்துக்கு மலக்குகள் வரமாட்டார்கள் என்று சொல்லி உள்ளே வைக்க விடவில்லை. வாப்பா விட்டுக்கொடுக்கவில்லை. "இது மனுசன் செஞ்ச உருவமில்ல புள்ள, அல்லாஹ் படைச்ச உருவம்" என்பார். உம்மா அடுப்படியிலிருந்தே பதில் சொல்லுவா: "படைச்சவன் உசிரோடயல்லவா படைச்சான்?" இந்த ஒரு வாக்குவாதத்தை என் சிறுவயதில் எத்தனை தடவை கேட்டிருப்பேனோ தெரியாது. இருவருமே இப்போது மௌத்தாகிவிட்டார்கள். பெட்டி விறாந்தையிலேயே நின்றுவிட்டது.

சென்ற வருடம் தம்பி ஒரு செய்தியோடு வந்தான். பழம்பொருள் சேகரிக்கும் ஒருவர் கொழும்பிலிருந்து வந்து பெட்டியைப் பார்த்துவிட்டு ஒன்றரை லட்சம் ரூபா தருவதாகச் சொன்னாராம். தம்பியின் மகளுக்குக் கலியாணம் பேசி வைத்திருக்கிறது. "நானா, செத்த குருவிய வச்சி நாம என்ன செய்யப் போறோம்? அந்தக் காலத்துத் துரை சுட்டது. நாம சுடலயே" என்றான். அவன் கேட்டது நியாயமான கேள்வி. உடனே பதில் சொல்ல எனக்கு வரவில்லை. அந்தக் கேள்வியை முழுமையாக யோசித்துப் பார்க்கவே இதை எழுதுகிறேன்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதற்குப் பின்வந்த திருத்தங்களும் இந்நாட்டுக் காட்டுப் பறவைகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்குப் பாதுகாப்பு அளிக்கின்றன. அவற்றைக் கொல்வதும் பிடிப்பதும் விற்பதும் குற்றம். இதைச் சொன்னதும் தம்பி வாயடைத்துப் போனான். ஆனால் சட்டம் அவன் வாயைத்தான் அடைத்ததே தவிர என் மனத்துக்குப் பதில் சொல்லவில்லை. சட்டம் இல்லாதிருந்தால் விற்றிருப்பேனா? யாரோ எப்போதோ செய்த கொலையின் அழகைப் பார்த்து மகிழ்வது குற்றமா? அந்த அழகை விற்றுக் காசாக்குவது குற்றமா? இவை வேறு கேள்விகள்.

எமது மலைநாட்டின் கடந்த இரு நூற்றாண்டு வரலாற்றில் துப்பாக்கிக்குப் பெரிய இடம் உண்டு. மேஜர் தோமஸ் ரோஜர்ஸ் என்ற அதிகாரி ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டதாக எழுதி வைத்திருக்கிறார்கள். அவர் 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். நுவரெலியாவில் அவருடைய அடக்கஸ்தலம் இருக்கிறது. 1848இல் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் வேட்டை நாய்களோடு மரைகளைத் துரத்திக் கொன்றதைப் பெருமையோடு புத்தகமாகவே எழுதினார். 1876இல் தொடங்கப்பட்ட நுவரெலியா ஹில் கிளப்பின் சுவர்களில் பாடம் செய்யப்பட்ட விலங்குத் தலைகளை இன்றைக்கும் காணலாம். இங்கிலாந்தில் அக்காலத்தில் வசதியான வீட்டு வரவேற்பறை என்றால் கண்ணாடிக்குள் பறவைகள் இருக்க வேண்டும் என்பது ஒரு நாகரிகம். அந்த நாகரிகம் துரைமாரோடு கப்பலேறி எங்கள் மலைகளுக்கும் வந்தது.

ஆனால் எல்லாரையும் ஒரே தராசில் நிறுக்க முடியவில்லை. இதே மண்ணில் வேறு விதமாகப் பறவைகளைச் சேகரித்தவர்களும் இருந்தார்கள். இலங்கையிலேயே பிறந்த இராணுவ வைத்தியர் கெலார்ட், 1852இல் இந்நாட்டு விலங்குகளையும் பறவைகளையும் பட்டியலிட்டு ஒரு நூல் வெளியிட்டார். எமது மலைகளில் வாழும் கருந்தொண்டைச் சில்லை ஒன்று இன்றும் விஞ்ஞானப் பெயரில் அவரைச் சுமந்துகொண்டு பறக்கிறது. பீரங்கிப் படை அதிகாரி வின்சென்ட் லெக், 1878 முதல் 1880 வரை இலங்கைப் பறவைகளின் வரலாற்றைப் பெரும் நூலாக வெளியிட்டார். அப்புத்தளையில் கோப்பித் தோட்டம் நடத்திய சாமுவேல் பிளை என்பவரின் பெயரால், நீரோடைக் கரையில் சீழ்க்கையடிக்கும் கருநீலப் பறவை ஒன்றுக்கு 1872இல் பெயரிட்டார் ஹோல்ட்ஸ்வர்த் என்ற ஆய்வாளர். இவர்கள் எல்லாரும் பறவைகளை நேசித்தவர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. இவர்களுடைய அறிவு சுடப்பட்ட பறவைகளின் தோல்களிலிருந்து வந்தது என்பதிலும் ஐயமில்லை. தொலைநோக்கியும் நிழற்படமும் கைக்கு வராத காலம் அது.

நேசித்தவனே கொன்றான் என்பதை எப்படி விளங்கிக்கொள்வது? இங்கே சாலிம் அலியின் நினைவு வருகிறது. 1896இல் பம்பாய் முஸ்லிம் குடும்பம் ஒன்றில் பிறந்து, தாய் தந்தையை இழந்து மாமா வீட்டில் வளர்ந்தவர். பத்து, பன்னிரண்டு வயதில் காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியை வீழ்த்தினார். எடுத்துப் பார்த்தால் தொண்டையில் மஞ்சள் திட்டு. சாதாரணச் சிட்டுக்குருவிக்கு அது கிடையாது. இதை ஒரு முஸ்லிம் சாப்பிடலாமா என்ற சந்தேகம் அவருக்கு வந்தது. மாமா அமீருத்தீன் தையப்ஜியிடம் கொண்டுபோய்க் காட்டினார். அவருக்கும் அது என்ன குருவி என்று தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு ஒரு கடிதம் கொடுத்து அனுப்பினார். அங்கே செயலாளராக இருந்த மில்லர்ட் என்ற ஆங்கிலேயர் பறவையின் பெயரைச் சொன்னதோடு நிற்காமல், அலுமாரி இழுப்பறைகளைத் திறந்து நூற்றுக்கணக்கான பாடம் செய்த பறவைகளைச் சிறுவனுக்குக் காட்டினார். இந்தியப் பறவையியலின் தலைவாசல் அன்று திறந்தது.

ஹலாலா ஹராமா என்ற கேள்வியிலிருந்து ஒரு விஞ்ஞானம் பிறந்தது என்று இதைச் சொல்லி நாம் பெருமைப்படலாம். ஆனால் அந்தக் குருவி செத்துத்தான் போனது. சாலிம் அலி பிற்காலத்தில் ஹைதராபாத்திலும் திருவிதாங்கூரிலும் செய்த பறவைக் கணக்கெடுப்புகளிலும் மாதிரிக்காகப் பறவைகள் சுடப்பட்டன. அதே மனிதர்தான் பரத்பூர் நீர்நிலையைப் பறவைகளுக்காகக் காப்பாற்றவும் பாடுபட்டார். அந்தப் பரத்பூரில் 1938இல் வைஸ்ராய் லின்லித்கோவின் வேட்டைக் கூட்டம் ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டு வீழ்த்தியதைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். சாலிம் அலியின் ஒரு குருவியும் அந்த 4,273 பறவைகளும் ஒன்றா? எண்ணிக்கையை விடுங்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவர் ஒரேயொரு வாத்தைச் சுட்டிருந்தால் அது சாலிம் அலியின் குருவிக்குச் சமமா?

இந்த இடத்தில்தான் நஸாயீ கிரந்தத்தில் வரும் ஒரு நபிமொழி எனக்குக் கைகொடுத்தது. வீணாகக் கொல்லப்பட்ட சிட்டுக்குருவி மறுமையில் இறைவனிடம் முறையிடும், எந்தப் பயனுக்காகவும் அன்றித் தன்னைக் கொன்றான் என்று சொல்லும் என்ற கருத்து அதிலே வருகிறது. கோழி அறுத்துச் சாப்பிடும் சமூகம் நாம். உயிரைக் கொல்வதே பாவம் என்று நமக்குச் சொல்லப்படவில்லை. நமக்குச் சொல்லப்பட்டது 'வீண்' என்ற சொல். முறைப்பாட்டைக் கிளப்புவது அந்தச் சொல்தான்.

அப்படியானால் எது வீண்? நூதனசாலை இழுப்பறைகளில் கிடக்கும் பறவைத் தோல்களைப் பார்த்தால் அழகாயிராது. மல்லாந்து கிடக்கும். கண்ணில் பஞ்சு தெரியும். காலில் ஒரு சீட்டு கட்டியிருக்கும். எங்கே, எந்தத் தேதியில், ஆணா பெண்ணா, யார் எடுத்தது என்று அதில் எழுதியிருக்கும். பறவையின் உயிருக்குக் கிடைத்த ஈடு அந்தச் சீட்டுத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. பிரித்தானியாவில் 1967இல் டெரெக் ராட்கிளிஃப் என்ற ஆய்வாளர், சேகரிப்புகளில் கிடந்த பழைய வல்லூறு முட்டை ஓடுகளையும் பிற்கால ஓடுகளையும் ஒப்பிட்டுப் பார்த்து ஓடு மெலிந்துவிட்டதைக் கண்டுபிடித்தார். டீ.டீ.ரீ. போன்ற பூச்சிகொல்லிகள் செய்த கேடு அதன் வழியே வெளிப்பட்டது. 2017இல் சிகாகோவில் இரண்டு இளைஞர்கள், அமெரிக்கத் தொழில் நகரங்களைச் சுற்றி 135 ஆண்டுகளாகச் சேகரிக்கப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட பறவைகளின் இறகில் படிந்த கரியை அளந்து, நிலக்கரிப் புகையின் வரலாற்றையே எழுதினார்கள். சுட்டவர்கள் இதையெல்லாம் நினைத்துச் சுடவில்லை. ஆனால் தேதியையும் இடத்தையும் எழுதி வைத்ததால் செத்த பறவை நூறு வருடங்களுக்குப் பிறகும் சாட்சி சொல்ல வந்தது.

என் வீட்டுப் பறவைகளுக்குச் சீட்டு இல்லை. உயிரோடு இருப்பதுபோல் தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்கின்றன, ஆனால் ஒன்றும் சொல்வதில்லை. அழகுக்காகவே கொல்லப்பட்டவை அவை. நபிமொழியின் அளவுகோலில் இவை முறையிடக்கூடிய பறவைகள். முறைப்பாடு சுட்டவர்மீது என்றே வைத்துக்கொள்வோம். இன்று அவற்றை வைத்திருப்பவன் நான். என் பங்கு என்ன?

பாடசாலையில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் படிப்பிப்பது ஒரு தோட்டப் பாடசாலையில். ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குச் சொல்லித் தந்த முதற் பாடம், பொருளைக் காட்டிப் படிப்பிக்க வேண்டும் என்பது. அதை நம்பி இரண்டு வருடங்களுக்கு முன் இந்தப் பெட்டியை முச்சக்கர வண்டியில் ஏற்றி வகுப்புக்குக் கொண்டுபோனேன். பிள்ளைகள் மொய்த்துக்கொண்டார்கள். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: "சேர், இதச் சுட்டது யாரு?" யாரோ ஒரு துரை என்றேன். "காட்டுக்குள்ளயிருந்து தூக்கிட்டு வந்தது யாரு?" என்றாள்.

நாற்பத்தைந்து வருடங்களாக அந்தப் பெட்டியோடு வாழ்ந்தும் எனக்குத் தோன்றாத கேள்வி அது. துரை தனியாகக் காட்டுக்குள் போயிருக்க மாட்டார். பாதை காட்ட, பற்றையைக் கலைக்க, விழுந்ததைத் தேடி எடுக்க லயத்துப் பொடியன்கள் போயிருப்பார்கள். அந்தப் பிள்ளையின் பூட்டனோ அவருடைய தம்பியோ போயிருக்கலாம். பிளையின் பெயர் ஒரு பறவையில் நிற்கிறது. கெலார்டின் பெயர் ஒரு பறவையில் நிற்கிறது. அவற்றைத் தூக்கி வந்த கைகளின் பெயர் எந்தப் பறவையிலும் இல்லை.

அன்று இன்னொன்றும் நடந்தது. மஞ்சள் காதுக் கொண்டைக்குருவியைக் காட்டி, இதை யார் கண்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன். பல கைகள் உயர்ந்தன. ஒரு பையன் எழுந்து, "நான் கவண்ல அடிச்சு விழுத்தியிருக்கேன் சேர்" என்றான். வகுப்பு சிரித்தது. எனக்குக் கோபம் வந்தது. ஆனால் சாலிம் அலி ஞாபகத்துக்கு வந்ததால் கோபத்தை அடக்கிக்கொண்டு, அது என்ன தின்னும், எங்கே கூடு கட்டும் என்று கேட்டேன். அவன் சொல்லச் சொல்ல நான் கரும்பலகையில் எழுதினேன். எந்தக் காட்டுப் பழத்துக்கு எந்த மாதத்தில் வரும், கூடு எவ்வளவு தாழ்வாக இருக்கும், கிட்டப் போனால் எப்படிச் சத்தம் போடும் எல்லாம் அவனுக்குத் தெரிந்திருந்தது. கவண் தொடாத நல்ல பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியவில்லை. பாட முடிவில் அவனிடம், "அடிச்ச பிறகு என்ன செய்தாய்?" என்றேன். "ஒண்ணும் செய்யல்ல சேர். பாத்துட்டுப் போட்டுட்டேன்" என்றான். அதைச் சொல்லும்போது அவன் குரல் இறங்கியது. 'வீண்' என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை. அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை, அவனாகவே உணர்ந்தான்.

ஆறு பறவைகளில் ஐந்தைப் பிள்ளைகள் அடையாளம் கண்டார்கள். இரண்டு கொண்டைக்குருவிகள், ஒரு வெள்ளைக்கண்ணி, ஒரு நீல ஈப்பிடிப்பான், ஒரு குக்குறுவான். ஆறாவதை யாருக்கும் தெரியவில்லை. கறுப்பாகத் தெரியும் பறவை. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் தோளில் மங்கிப்போன நீலம் தெரியும். பறவை நூல்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, பிளையின் பெயரைத் தாங்கிய அந்தச் சீழ்க்கைப் பறவையாகவே எனக்குப் படுகிறது. நிழல் விழும் காட்டோடைகளில் மட்டும் வாழ்வது. அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் பட்டியலில் இருப்பது. ஹோர்டன் சமவெளிக்குப் போகும் வழியில் அதைத் தேடி விடியற்காலையில் காத்திருக்கும் வெளிநாட்டவரைப் பார்த்திருக்கிறேன்.

அது அருகிப் போனதற்குத் துப்பாக்கியை மட்டும் குறை சொல்ல முடியாது. கோப்பிக்காகவும், 1869இல் கோப்பிக்கு இலைநோய் வந்த பின் தேயிலைக்காகவும் மலை மலையாகக் காடு வெட்டப்பட்டது. 1873இல் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் ஐயாயிரம் அடிக்கு மேலுள்ள காட்டைத் தொட வேண்டாம் என்று ஆலோசனை சொன்னதால் உச்சியில் கொஞ்சம் மிஞ்சியது. துப்பாக்கி கொன்றதைவிடக் கோடரி கொன்றது அதிகம். கோடரி பிடித்தவர்கள் என் மாணவர்களின் முன்னோர். பிடிக்கச் சொன்னவர்கள் துரைமார். அந்தத் தோட்டத்துக்கு அரிசியும் கருவாடும் விற்றுப் பிழைத்தவர்கள் எங்களைப் போன்றவர்கள். நாங்கள் சுடவில்லை என்று தம்பி சொன்னது சரிதான். ஆனால் பெட்டிக்கு வெளியே நடந்த பெரிய கொலையின் வருமானத்தில் எங்களுக்கும் ஒரு பங்கு இருந்தது. இன்றைக்கும் நான் காலையில் குடிக்கும் தேநீரில் அது இருக்கிறது.

பாடம் நல்லபடி முடிந்ததாக நினைத்துப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பிறகுதான் ஒரு விஷயம் தெரிய வந்தது. பழைய காலத்தில் பாடம் செய்வோர் பூச்சி அரிக்காதிருக்கத் தோலின் உட்புறத்தில் ஆர்செனிக் கலந்த சவர்க்காரம் பூசுவார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்சின் மெட்ஸ் நகரத்து பெக்கோர் என்பவர் கண்ட முறை. இருபதாம் நூற்றாண்டிலும் நீண்ட காலம் அது புழக்கத்தில் இருந்தது. நூறு வருடம் கழிந்தாலும் அந்த நஞ்சு போவதில்லை. கண்ணாடி பறவையைத் தூசியிலிருந்து காப்பதாக நினைத்திருந்தேன். பறவையிடமிருந்து நம்மையும் அது காத்திருக்கிறது. வகுப்பில் நான் கண்ணாடியைத் திறக்கவில்லை. திறந்திருந்தால்? அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. அழகை அழியாமல் வைத்திருக்க மனிதன் அதற்கு நஞ்சு பூச வேண்டியிருந்தது. உம்மா கேட்ட கேள்வி மறுபடி காதில் விழுந்தது.

புகாரியில் அபூ உமைர் என்ற சிறுவனைப் பற்றி வரும். அவன் வைத்து விளையாடிய சின்னப் பறவை செத்துப்போக, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவனிடம் பறவையைப் பற்றி அன்போடு விசாரித்தார்கள். செத்த பறவைக்காகச் சிறுவன் துக்கப்பட்டான். அந்தத் துக்கத்தைப் பெரியவர் ஒருவர் மதித்தார். எங்கள் பெட்டியிலுள்ள ஆறு பறவைகளுக்காகவும் யாரும் துக்கப்பட்டதில்லை என்று நினைக்கிறேன். பார்த்தவர்கள் எல்லாம் அழகு என்றுதான் சொன்னோம்.

நான் வந்து சேர்ந்த முடிவு இதுதான். நடந்த கொலையை நான் திருப்ப முடியாது. ஆனால் அது வீணாகவே முடியுமா இல்லையா என்பது இன்னும் முடிவாகவில்லை. அதில் எனக்கு ஒரு சிறு பங்கு உண்டு. கொழும்பு வியாபாரியிடம் போனால் இன்னொரு வரவேற்பறையில் அழகாக நிற்கும். வீண் இன்னொரு நூறு வருடம் தொடரும். புதைத்துவிடலாம் என்று சில நண்பர்கள் சொன்னார்கள். அது என் மனத்தைக் கழுவும். பறவைக்கு ஒன்றும் செய்யாது, மண்ணில் நஞ்சும் கலக்கும். எனவே பெட்டியின் விபரத்தை எழுதி வனசீவராசிகள் திணைக்களத்துக்கும் கொழும்பு நூதனசாலைக்கும் கடிதம் அனுப்பியிருக்கிறேன். கருநீலப் பறவையின் கால் தோலிலிருந்து ஏதாவது அறிய முடிந்தால் அறியட்டும்.

தம்பியின் மகளின் கலியாணத்துக்கு வங்கியில் கடன் எடுத்துக் கொடுத்தேன். அவன் இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவனுடைய கோபத்திலும் நியாயம் இருக்கிறது. செத்த பறவையின் உரிமைக்காக உயிரோடிருக்கும் பிள்ளையின் தேவையை ஒதுக்கினேன் என்கிறான். அந்தக் குற்றச்சாட்டுக்கு என்னிடம் முழுமையான பதில் கிடையாது.

பதில் கடிதம் வரும்வரை பெட்டி விறாந்தையில்தான் இருக்கும். பிள்ளைகள் தொடாதபடி உயரத்தில் வைத்து, கண்ணாடி விளிம்பை ஒட்டி மூடியிருக்கிறேன். அதன் கீழே ஒரு சீட்டு எழுதி ஒட்டினேன். ஆறு பறவைகளின் பெயர், மலைநாடு, 1975க்கு முற்பட்டவை என்பது, உள்ளே நஞ்சு உண்டு என்ற எச்சரிக்கை. சுட்டவர் என்ற இடத்தை வெறுமையாக விட்டேன். சுமந்து வந்தவர் என்று இன்னொரு வரியும் எழுதி அதையும் வெறுமையாக விட்டிருக்கிறேன். நூதனசாலைச் சீட்டுகளில் அப்படியொரு வரி இருப்பதில்லை. அந்தப் பிள்ளை கேட்ட கேள்விக்காக அதை எழுதினேன்.